ஐந்து முப்பத்தைந்து பஸ்ஸும் ஒரு முடிவு ஜெபமும்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஏழு மணிகூட ஆகவில்லை. தங்கராஜ் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

எனக்கு ஆச்சரியம். சொன்னதைச் செய்தே காட்டுவார் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு முந்தின வாரம் வரைக்கும், ஐந்து மாதமாக அவரை வேலை நாளில் ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. நிஜமாகவே சீக்கிரம் வந்துவிட்டீர்களா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

மெமோ.

"இதுக்கு ஒரு பதில் எழுதணும் மக்கா. மூணு நாளைக்குள்ள குடுக்கணுமாம்."

வாசித்தேன். திங்கட்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு, முடிவு ஜெபத்தில் பங்கெடுக்காமல், அனுமதி பெறாமல் வெளியேறியது ஒழுங்கீனம். மூன்று மெமோ பெறுகிறவர் மறுவாழ்வுத் திட்டத்திலிருந்து நீக்கப்படுவார். கீழே கையெழுத்து, முத்திரை.

ஒழுங்கீனம்!

இந்த மனிதர் குடித்துவிட்டு ஓடைக்கரையில் செருப்பில்லாமல் கிடந்த காலம் உண்டு. அப்போதுகூட இந்த வார்த்தையை யாரும் அவருக்கு எழுத்தில் கொடுத்ததில்லை. குடியை விட்டு, ஒழுங்காக வேலைக்குப் போய், ஒழுங்காக வீட்டுக்கு வர ஒரு பஸ்ஸைப் பிடித்ததற்குக் கொடுத்திருக்கிறார்கள்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நாம் கொஞ்சம் சிரித்துப் பேசிக்கொள்வோம். இந்த வாரம் அது நடக்காது போலிருக்கிறது. பேனாவைப் பல்லால் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

தங்கராஜ் அண்ணன் என் பக்கத்து வீட்டுக்காரர். தேங்காய்ப்பட்டணத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் எங்கள் ஊர். அவருக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. விடியும் முன்னால் தோட்டத்துக்குப் போனால் காலை பத்து மணிக்கு வேலை முடிந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு ஒயின்ஷாப் திறக்கும். நடுவில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் அவர் நிதானமாக இருந்த நேரம் என்று லீலா அக்கா சொல்வாள். லீலா அக்கா அவருடைய மனைவி. அண்டி ஆபீசில் — அதாவது முந்திரிப் பருப்பு ஃபேக்டரியில் — தோல் எடுக்கிற வேலை.

பைக் போனது. அப்புறம் அவளுடைய கம்மல். அப்புறம் தோட்டத்து வேலையும் போனது. அந்தக் கதையெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

சிதறால் பக்கம் ஒரு அறக்கட்டளை மறுவாழ்வு இல்லம் நடத்துகிறது. பெயர் வேண்டாம். சபை வழியாகச் சொல்லி அங்கே சேர்த்தோம். மூன்று மாதம் உள்ளே இருந்தார். கை நடுக்கம் நின்றது, கண்ணில் வெள்ளை திரும்பியது. பிறகு அவர்களே நடத்துகிற மரவேலைக் கூடத்தில் வேலையும் கொடுத்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சும் டெஸ்க்கும் செய்கிற இடம். வெளியே வந்து ஐந்து மாதம். மொத்தம் எட்டு மாதமாக ஒரு துளி தொட்டதில்லை.

இதற்கு நான் நன்றி சொல்லவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். சொன்னேன். அளவுக்கு மேலேயே சொன்னேன். பிரச்னையே அங்கேதான் தொடங்கியது... அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பஸ்.

மரவேலைக் கூடம் மெயின் ரோட்டில் இல்லை. கல்ஃபில் இருக்கும் ஒரு பெரிய மனிதர் தானமாகக் கொடுத்த நிலம். தானம் கொடுக்கிற நிலம் ரோட்டோரத்திலா இருக்கும்? ரப்பர் தோட்டத்துக்குள், ஏற்றத்தில் இருக்கிறது. பஸ் ஸ்டாப்புக்கு இறங்கி வரக் கால்மணி நேர நடை. அங்கே ஐந்து முப்பத்தைந்துக்கு ஒரு பஸ் உண்டு. அதைப் பிடித்தால் ஆறு மணி சுமாருக்கு ஜங்ஷன். ஆறேகாலுக்கு எங்கள் ஊர் பஸ். ஏழு மணிக்குள் வீடு.

ஐந்தேகாலுக்கு வேலை முடிகிறது. கால்மணி நேர நடை. ஐந்தரைக்கு ஸ்டாப். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

இல்லை. நடுவில் முடிவு ஜெபம்.

அவசரப்பட்டு எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். நானும் சபைக்குப் போகிறவன்தான். எங்கள் வீட்டிலும் ராத்திரி ஜெபம் இல்லாமல் சோற்றுப்பானை திறக்காது. ஜெபத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை அந்தப் பட்டியலோடுதான்.

நிலம் கொடுத்தவர் தன் அம்மா நினைவாக, தினமும் வேலை முடியும்போது ஒரு ஜெபம் நடக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். நல்ல ஆசை. தொடக்கத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கிறது. பிறகு மிஷின் வாங்கிக் கொடுத்தவர் பெயர் சேர்ந்தது. கூரை போட்டவர் குடும்பம், ஜெனரேட்டர் கொடுத்தவர் குடும்பம், வேன் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள்... ஒவ்வொரு பெயராக வாசித்து ஆசீர்வதிக்கவேண்டும். இப்போது கால்மணி நேரம் ஆகிறது. உதவி கூடக் கூட ஜெபம் நீளும். ஜெபம் நீள நீள பஸ் போய்விடும்.

உலகத்தில் வேறெங்காவது இப்படி ஒரு கணக்கு உண்டா?

ஐந்தரைக்கு ஜெபம் முடிந்து அண்ணன் ஸ்டாப்புக்கு வரும்போது மணி ஐந்தே முக்கால். அடுத்த பஸ் ஆறு பத்துக்கு மேல். ஜங்ஷனில் இறங்கும்போது எங்கள் ஊர் பஸ் போயிருக்கும். அதற்கடுத்தது ஏழரைக்கு மேல். டிரிப் கட் என்றால் எட்டுக்கு.

ஆக, தினமும் ஒரு மணி நேரம் அவர் அந்த ஜங்ஷனில் நிற்கவேண்டும். நிற்கட்டுமே, என்ன குறைந்துவிடும் என்கிறீர்களா?

பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே ஒயின்ஷாப்.

அவர் குடித்த கடை அதுதான். அவருடைய பழைய கூட்டாளிகள் குடிக்கிற கடையும் அதுதான். மறுவாழ்வு இல்லத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள் — பழைய இடத்தை விடு, பழைய ஆளை விடு, பழைய நேரத்தை விடு. மூன்று மாதம் தினமும் அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்துவிட்டு தினமும் சாயங்காலம் பழைய நேரத்தில், பழைய இடத்தில், பழைய ஆட்களுக்கு நடுவில் இறக்கிவிடுகிறார்கள். அதுவும் எதற்குப் பிறகு? எங்களைச் சோதனையில் விழவிடாதேயும் என்று கண்மூடி ஜெபித்த பிறகு.

இது எனக்குத் தெரியவந்ததே ஒரு மழை நாளில்தான்.

போன மாதம் அண்ணன் காய்ச்சலில் விழுந்தார். பார்க்கப் போனேன். என்னவென்று கேட்டபோது மழையில் நனைந்ததாகச் சொன்னார். மழை எல்லோருக்கும்தானே பெய்தது, ஒதுங்கியிருக்கலாமே என்றேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். லீலா அக்காதான் சொன்னாள்.

"அந்த ஜங்ஷன்ல ஒதுங்கதுக்கு ஒரு கூரைதான் உண்டு, தம்பி. அது கடைக்க கூரையாக்கும்."

பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை இல்லை. கடைக்காரர்கள் மட்டும் ரோடு வரைக்கும் தகர ஷீட் இறக்கியிருக்கிறார்கள். ஊரே அதன் கீழே நின்றிருக்கிறது. பிள்ளைகளோடு வந்த பெண்கள்கூட. இவர் மட்டும் எதிர்ப்பக்கம் ஒரு மணி நேரம் கொட்டும் மழையில் நின்றிருக்கிறார். ரோட்டைக் கடக்கவில்லை. இருபதடி அகலம்தான் அந்த ரோடு.

அதைக் கடக்காமல் நிற்பது என்ன என்று குடியை விட்டவர்களைக் கேட்டுப்பாருங்கள். சொல்வார்கள்.

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு வேலைக்குப் போனார். போனதும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊதுகிற மிஷினை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். மற்ற வேலைக்காரர்கள் முன்னால். லீவு எடுத்தால் அது விதியாம்.

ஊதினார். ஒன்றும் காட்டவில்லை. எப்படிக் காட்டும்? மழையில் நனைந்ததைக் காட்ட மிஷின் உண்டா?

அந்த மழை நாள் ஒன்றில்தான் அவர் தனியாக நின்றிருக்கிறார். மகளுக்கு ஸ்கூலில் மீட்டிங் என்று அன்றைக்கு லீலா அக்கா போகமுடியவில்லை. மற்ற நாளெல்லாம் அவள் உண்டு.

ஆமாம். ஐந்து மாதமாக அவள் தினமும் அண்டி ஆபீசில் ஒரு மணி நேரம் முன்னால் வேலையை விட்டு எழுந்து, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸில் ஏறி, அந்த ஜங்ஷனுக்குப் போய் புருஷன் பக்கத்தில் நிற்கிறாள். எடுத்த பருப்பின் எடைக்குத்தான் அங்கே கூலி. முன்னால் எழுந்தால் எடை குறையும். மேஸ்திரி ஏசுகிறார். பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அவள் எழுந்துவிடுகிறாள்.

கேட்டதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருநாள் நானும் போய் நின்றேன்.

ஆறே முக்காலுக்கு அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். லீலா அக்கா ஏற்கெனவே வந்து டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் வந்ததும் குடையை அவருடைய கக்கத்தில் செருகினாள். டிஃபன் பையைத் தோளில் மாட்டினாள். தாளில் சுற்றிய வறுத்த கடலையைக் கையில் கொடுத்தாள். ஓட்டோடு இருக்கும் நிலக்கடலை. அண்ணன் ஒவ்வொன்றாக உடைத்து, பருப்பை எடுத்து, அவளுடைய உள்ளங்கையில் போட்டுக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு கையும் சும்மா இருக்கப்பிடாது தம்பி, பாத்துக்க. சும்மா இருந்தா கை எங்கெல்லாமோ போவும்," என்றாள் அக்கா. "பகலெல்லாம் நான் பருப்பு எடுக்கேன். இங்க வந்தா இவரு எடுக்காரு. நான் முதலாளி."

எனக்கும் நாலு பருப்பு கிடைத்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் கையில் பிளாஸ்டிக் கிளாசோடு ரோட்டின் நடுவரைக்கும் வந்தான். பழைய கூட்டாளி.

"ஏலே தங்கராஜே, பொண்டாட்டியக் காவலுக்கு நிறுத்தியிருக்கியா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கடலை உடைத்தார். பதில் அவளிடமிருந்து வந்தது.

"காவலுக்குத்தான் வந்தேன். உனக்க வீட்டுல ஒருத்தி வந்து நிண்ணிருந்தா, நீ இப்பிடி நடுரோட்டுல கெடப்பியா?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஆனால் அந்தக் கிளாசை அவன் ரோட்டின் நடுவில் பிடித்துக்கொண்டு நின்ற அரை நிமிடம்... அண்ணனுடைய விரல் ஒரே கடலையை மூன்று தடவை அழுத்தியது, உடைக்கமுடியவில்லை. நான் பார்த்தேன்.

ஏன் அடுத்த ஸ்டாப்பில் போய் நிற்கக்கூடாது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். நின்று பார்த்தாராம். ஜங்ஷனிலேயே பஸ் நிறைந்துவிடுகிறது, அடுத்த ஸ்டாப்பில் நிறுத்துவதில்லை. இரண்டு நாள் நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறார். ஆட்டோவா? பெஞ்சு செய்கிறவருடைய சம்பளத்தில் தினமும் ஆட்டோவா? சரி, அறக்கட்டளையிடமே சொன்னால் என்ன?

சொன்னோம். அதுதான் அடுத்த கோபம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதனால் எங்கள் தெருவில் என்ன காகிதம் எழுதவேண்டியிருந்தாலும் என்னிடம் வரும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, கல்ஃப் விசா ஃபாரம், பஞ்சாயத்துக்கு மனு எல்லாம். எனக்கு ப்ளஸ் டூ வரைக்கும் ஃபீஸ் கட்டியதும் ஒரு தர்ம ஸ்தாபனம்தான். முகம் தெரியாத ஒருவருக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் நன்றிக் கடிதம் எழுதிப் பழகியவன். அதனால் என் கை எதை எழுதினாலும் முதல் பாராவில் நன்றிதான் எழுதும். கோரிக்கைக்கு வரும்போது தாள் தீர்ந்திருக்கும்.

அண்ணனையும் அழைத்துக்கொண்டு அறக்கட்டளையின் செயலரைப் போய்ப் பார்த்தேன். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். நல்ல மனிதர். உண்மையாகவே நல்ல மனிதர். ஒரு பைசா வாங்காமல் வேலை செய்கிறார். உட்காரச் சொல்லி சாயா வரவழைத்தார். மனுவை வாசித்தார். ஜெபத்தைக் காலையில் வைத்துக்கொள்ளலாமா, அல்லது தூரத்திலிருந்து வருகிறவர்களை மட்டும் ஐந்தேகாலுக்கு விடலாமா, அல்லது வேனில் மெயின் ரோடு வரைக்கும் கொண்டுவிடலாமா — மூன்றில் ஒன்று.

நேரம் நிலம் கொடுத்தவர் சொன்ன நேரம், மாற்றமுடியாது என்றார். ஒருவரை விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். வேன் ப்ரோக்ராம்களுக்கு மட்டும் என்று கமிட்டி தீர்மானம் இருக்கிறதாம். பிறகு அண்ணனுடைய தோளைத் தட்டினார்.

"தங்கராஜ், கடை எதிர்ல இருந்தா என்ன? கண்ணத் திருப்பிக்கிட்டா முடிஞ்சது. எல்லாம் மன உறுதிதான், இல்லியா?"

அண்ணன் தலையாட்டினார்.

செயலர் கார் வைத்திருக்கிறார். அந்த ஜங்ஷனை அவர் தினமும் கடக்கிறார், அரை நிமிடத்தில், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. அரை நிமிடத்துக்கு மன உறுதி எல்லோருக்கும் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு, வாரத்தில் ஆறு நாளுக்கு, ஐந்து மாதத்துக்கு எவ்வளவு வேண்டும்?

இதை நான் அவரிடம் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. சாயாவைக் குடித்துவிட்டு நன்றி சொல்லி எழுந்து வந்தேன்.

உதவி செய்கிறவர்கள் எல்லோரும் கட்டடம் கட்டுகிறார்கள். மிஷின் வாங்குகிறார்கள். கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டலாம், மிஷின் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கலாம். ஒருவன் வீட்டிலிருந்து அங்கே வந்து, அங்கிருந்து வீட்டுக்குத் திரும்புகிற வழிக்கு எந்த இடத்தில் ரிப்பன் கட்டுவது? புதுக்கடைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு விதவைப் பெண்ணுக்கு இலவச நர்ஸிங் பயிற்சி கிடைத்தது. காலை ஆறு மணி ஷிஃப்ட். முதல் பஸ்ஸே ஆறரைக்கு. பதினெட்டாவது நாள் நின்றுவிட்டாள். அவளுக்கு ஆர்வம் இல்லை என்று ரிஜிஸ்டரில் எழுதினார்கள்.

ஆர்வமா இல்லை? பஸ் இல்லை ஐயா!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மெமோ வருவதற்கு மூன்று நாள் முன்னால், சனிக்கிழமை, அந்த அறக்கட்டளைக்கு ஆண்டு விழா. வேன் வாங்கிக் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேர் வருகிறார்கள். மறுவாழ்வு பெற்றவர் ஒருவர் சாட்சி சொல்லவேண்டும். சாட்சி என்றால் எங்கள் பக்கத்துச் சபைக்காரர்களுக்குத் தெரியும் — முன்பு எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்று மைக் முன்னால் நின்று சொல்வது. தங்கராஜ் அண்ணனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எழுதியது யார்? வேறு யார், நான்தான்.

பஸ் விஷயத்தையும் ஒரு வரி போடு மக்கா என்று அண்ணன் கேட்டார். நான் போடவில்லை. விருந்தாளிகள் முன்னால் குறை சொன்னால் நன்றாக இருக்காது, பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று சொன்னேன். இருளில் கிடந்தேன், வெளிச்சம் கண்டேன் என்று இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல தமிழ். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் வேன் வந்தது. அதே வேன். ஏசி போட்டு, பெயர் எழுதி, எங்கள் தெருவுக்குள் திரும்பி, அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஐந்து மாதமாக மெயின் ரோடு வரைக்கும் வர முடியாத வண்டி! அண்ணனும் லீலா அக்காவும் நானும் ஏறினோம். முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். வழியில் அந்த ஜங்ஷன் வந்தது. யார் கவனித்தார்கள்? நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடந்த பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் வாசித்தார். நிதானமாக, தடுமாறாமல். ஒவ்வொரு பாராவுக்கும் ஒரு இளம்பெண் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொன்னாள். முடிந்ததும் கைதட்டல். அவர் இறங்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"எழுதினத வாசிச்சாச்சு. எழுதாதது ஒண்ணு உண்டு," என்றார். "இண்ணைக்கு எனக்க வாசலுக்கு வேன் வந்தது. முக்கா மணிக்கூர்ல வந்து சேந்தோம். டெய்லி நான் வீடு போய்ச் சேர மூணு மணிக்கூர் ஆவும். அதுல ஒரு மணிக்கூர் ஒயின்ஷாப்புக்க முன்னால நிக்கேன். எனக்க பெண்டாட்டி வேலையப் போட்டுட்டு வந்து துணைக்கு நிப்பா. எனக்கு வேன் வேண்டாம். கால்மணிக்கூர் முன்னால விடுங்க, போரும். பஸ்ஸு கிட்டும்."

அந்தப் பெண் செயலரைப் பார்த்தாள். செயலர் தரையைப் பார்த்தார். அவள் மைக்கை வாங்கி இங்கிலீஷில் ஒரே வரி சொன்னாள்: வேனுக்காக இவர் உங்களுக்கு நன்றி சொல்கிறார்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இரண்டாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான். அதைப் படிக்கத்தான் யாரோ முகம் தெரியாதவர் ஃபீஸ் கட்டினார். எழுந்து நின்று, அவர் சொன்னது அதுவல்ல என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

கைதட்டினேன். எல்லோரும் தட்டும்போது என் கையும் தட்டியது. இந்த வாரம் முழுக்க எனக்கிருக்கும் கோபத்தில் பாதி அந்தக் கைகள் மேல்தான்.

விழா முடிவு ஜெபத்தோடு முடிந்தது. சரியாக ஐந்தரை. வேன் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் இறக்கத்தில் நடந்தோம். ஐந்து முப்பத்தைந்து போயிருந்தது.

ஜங்ஷனில் வழக்கம்போல நின்றோம். லீலா அக்கா அன்றைக்குக் கடலை கொண்டுவரவில்லை. வேனில்தானே போகிறோம், திரும்பியும் வேன்தான் என்று நினைத்திருக்கிறாள். பட்டுச்சேலையில் வந்திருந்தாள். என்ன செய்வது என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு ரோட்டோரத்தில், அத்தனை பேர் பார்க்க, அண்ணனுடைய இரண்டு கையையும் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள். ஏழே முக்காலுக்கு பஸ் வரும்வரைக்கும் விடவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"திங்கக்கிழமை நான் அஞ்சேகாலுக்கு எறங்கப் போறேன்."

மெமோ தருவார்களே என்றேன் நான். தரட்டும் என்றார்.

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு மணியடித்தது. எல்லோரும் எழுந்து நின்று கண்மூடினார்கள். அண்ணன் உளியைப் பெட்டியில் வைத்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார், சத்தம் வரக்கூடாது என்று. வாசல் தாண்டியதும் ஓட்டம். ஐந்து முப்பத்தைந்து கிடைத்தது. ஜங்ஷனில் இறங்கி மூச்சு விடுவதற்குள் எங்கள் ஊர் பஸ் வந்துவிட்டது.

ஏழு மணிக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் புஸ்தகத்தை மூடிவிட்டு எழுந்து, மெதுவாகப் பக்கத்தில் வந்து, மூக்கை உறிஞ்சிப் பார்த்திருக்கிறாள். வாடை ஒன்றும் இல்லை. அப்போதும் அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை.

"வேலை போச்சாப்பா?" என்று கேட்டாளாம்.

ஒருவன் குடிக்காமல் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தால் அவன் பிள்ளைக்கு வருகிற சந்தேகம் இது!

மறுநாள் மத்தியானம் மெமோ. அன்றைக்கும் அவர் ஐந்தேகாலுக்கே இறங்கிவிட்டார், மெமோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. ஆக இரண்டாவது மெமோ வரும் வழியில் இருக்கிறது. மூன்றாவது வந்தால் வேலை போகும். நின்று ஜெபித்துவிட்டு வந்தால், என்றைக்காவது ஒருநாள், லீலா அக்கா வரமுடியாத ஒருநாள், ஆளே போய்விடுவார். இரண்டில் எது வேண்டும் என்று அவரை முடிவெடுக்கச் சொல்லியிருக்கிறோம். அவர் எடுத்துவிட்டார்.

என் முற்றத்தில் உட்கார்ந்து பதில் எழுதத் தொடங்கினேன். பின்னாலேயே லீலா அக்காவும் வந்து நின்றாள். அண்டி ஆபீசில் அன்றைக்கு முழு நேரமும் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். 'மதிப்புக்குரிய ஐயா, தாங்கள் செய்துவரும் பேருதவிக்கு முதற்கண் எங்கள் மனமார்ந்த...' கை தானாக எழுதிக்கொண்டு போனது. வாசித்துக் காட்டினேன்.

"நன்றியெல்லாம் பொறவு சொல்லலாம் தம்பி. மொதல்ல பஸ்ஸ எழுது," என்றாள் அக்கா.

அடித்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றி இல்லாமல் ஒரு கடிதம் தொடங்கினேன். ஐந்து முப்பத்தைந்து பஸ், ஆறேகால் பஸ், ஒயின்ஷாப், தகரக் கூரை, மழை, ஊதுகிற மிஷின், ஒரு வரி இங்கிலீஷ்... எல்லாவற்றையும் எழுதினேன். இனியும் ஐந்தேகாலுக்குத்தான் போவேன் என்பதையும் அண்ணன் எழுதச் சொன்னார். எழுதினேன். கையெழுத்துப் போட இடம் விட்டு அண்ணனிடம் நீட்டினேன்.

அவர் எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்தார். பேனாவை எடுத்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கீழ இன்னொரு வரி சேத்துக்க மக்கா. சண்டைக்கில்ல, சும்மா தெரிஞ்சுக்கதுக்கு. எல்லாரும் கண்ண மூடி ஜெபிச்சிட்டு நிண்ண நேரத்துல, நான் போனதக் கண்டது யாராக்கும்?"